ஜான் ஸ்னோவின் பிறப்பு ரகசியம் யாருக்காகக் காக்கப்பட்டது?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ஜான் ஸ்னோ வடக்குப் பிரபு நெட் ஸ்டார்க்கின் முறைதவறிப் பிறந்த மகன் இல்லை, கவிழ்க்கப்பட்ட அரச குலத்து இளவரசன் ரேகர் டார்கேரியனுக்கும் நெட்டின் தங்கை லயானா ஸ்டார்க்குக்கும் முறையான மணத்தில் பிறந்த வாரிசு என்பதை அத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்துச் சொன்னார்கள். கடைசி எபிசோடில் அதனால் என்ன ஆயிற்று? முடிசூடியது நெட்டின் மகன் பிரான். இறந்தோர் படையின் தலைவன் நைட் கிங்கைக் கொன்றது நெட்டின் மகள் ஆர்யா. ஜான் மறுபடியும் வடக்குச் சுவருக்கே போனான். அப்படியானால் அந்த ரகசியம் வீண்தானா? மற்ற திருப்பங்களாவது முன்பே திட்டமிட்டவையா, கடைசி நேரத்தில் சேர்த்தவையா?

எட்டு சீசன்களின் கதையையும் தொட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ரகசியம் வீணாகவில்லை என்பதே என் உறுதியான கருத்து. நாம் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வெளிவந்ததும் ஜானின் வாழ்க்கை தலைகீழாகும் என்று காத்திருந்தோம். தலைகீழானது, அரியணைக்கு உரிமை கோரி வந்த ரேகரின் தங்கை டெனேரிஸின் வாழ்க்கை. தொடரை எழுதியவர்கள் செய்த பிழைகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ‘ரகசியம் எதற்கும் பயன்படவில்லை’ என்று சொல்பவர்கள் எட்டாவது சீசனின் நான்காவது எபிசோடை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன் இந்த ரகசியத்தின் வயதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவல் 1996இல் வெளிவந்தது. அதில் நெட் ஸ்டார்க் காய்ச்சலில் ஒரு கனவு காண்கிறார்: ஒரு கோபுரம், அதைக் காக்கும் மூன்று வெள்ளை அங்கி வீரர்கள், இரத்தப் படுக்கையில் கிடக்கும் தங்கை லயானா, அவள் கேட்ட ஒரு வாக்குறுதி. கூடவே நீல நிற ரோஜாக்கள் அவர் நினைவில் வந்துகொண்டே இருக்கும். ஹேரன்ஹால் போட்டியில் வென்ற இளவரசன் ரேகர், தன் மனைவி எலியாவைத் தாண்டிப் போய் லயானாவுக்குச் சூட்டிய அதே பனிக்கால ரோஜாக்கள். வாக்குறுதி எதைப் பற்றியது என்று நாவல் சொல்லாது. ஆனால் 1990களின் பிற்பகுதியிலேயே இணையத்தில் கூடிய வாசகர்கள் இந்தத் துண்டுகளைக் கோத்து விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘ஆர் பிளஸ் எல் ஈக்வல்ஸ் ஜே’ (ரேகர் + லயானா = ஜான்) என்ற சமன்பாடு தொலைக்காட்சித் தொடர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே பிறந்துவிட்டது. நாவலைத் திரைக்குக் கொண்டுவர அனுமதி கேட்டுப் போன டேவிட் பெனியாஃபிடமும் டி. பி. வைஸிடமும் மார்ட்டின் கேட்ட கேள்வியே, ‘ஜான் ஸ்னோவின் தாய் யார்?’ என்பதுதான். அவர்கள் சரியாகச் சொன்னார்கள், தொடர் பிறந்தது.

வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக விடையை மாற்ற மாட்டேன் என்று மார்ட்டின் பொதுமேடையில் விளக்கியிருக்கிறார்: முன்கூட்டித் தூவிய குறிப்புகள் அனைத்தும் அந்த விடையை நோக்கித்தான் போகின்றன, மாற்றினால் முன்னால் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ரசிகனை அதிர வைப்பதற்காக மட்டும் ஒரு ரகசியத்தை வைத்திருந்தால், முதல் ஆள் கண்டுபிடித்த அன்றே அது செத்துவிடும். பாத்திரங்களுக்குள் அது என்ன செய்யப்போகிறது என்பதற்காக வைத்திருந்தால், உலகமே தெரிந்துகொண்ட பிறகும் உயிரோடு இருக்கும். கர்ணன் யார் என்பது தெரிந்தேதான் நாம் அந்தக் கதையைக் கேட்கிறோம். குந்தி அவனைத் தேடிப் போகும் இடத்தில் நம் நெஞ்சு அடைப்பது புதிய செய்தியைக் கேட்டதால் இல்லை. செய்தியைக் கேட்ட அவன் என்ன வாக்குக் கொடுக்கிறான், அந்த வாக்கு அவன் போரிடும் முறையை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதால்தான். பிறப்பு ரகசியத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது: தெரிந்துகொண்டவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்?

தொலைக்காட்சித் தொடர் அதற்கான நிலத்தைப் பொறுமையாகத்தான் உழுதது. முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில், சாலை பிரியும் இடத்தில் நெட் ஜானிடம் சொல்வதைக் கவனியுங்கள். என் பெயர் உனக்கு இல்லாமல் இருக்கலாம், என் இரத்தம் உனக்கு உண்டு என்கிறார். ‘என் மகன்’ என்ற சொல் அங்கே வரவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது உன் தாயைப் பற்றிப் பேசுவோம் என்கிறார். அடுத்த முறை வரவே இல்லை. மூன்றாவது சீசனில் நெட்டின் மனைவி கேட்லின், தாயில்லாத அந்தக் குழந்தையை நேசிக்கத் தன்னால் முடியவில்லை, அதனால்தான் தன் குடும்பத்துக்கு இத்தனை துன்பம் என்று அழுகிறாள். கணவன் தனக்குத் துரோகம் செய்யவே இல்லை என்பதை அறியாமலேயே அந்தச் சீசனில் அவள் கொல்லப்படுகிறாள். நெட் கொடுத்த வாக்குறுதியின் விலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் காட்சி தொடரில் வேறு இல்லை.

இன்னொரு இடத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடில் ஸ்டார்க்குகளின் கோட்டையான வின்டர்ஃபெல்லின் கல்லறையில், லயானாவின் சிலைக்கு முன்னால், சூழ்ச்சிக்காரப் பிரபு லிட்டில்ஃபிங்கர் நெட்டின் மூத்த மகள் சான்சாவுக்கு ஹேரன்ஹால் போட்டியின் கதையைச் சொல்கிறான். அதே எபிசோடில் கடலுக்கு அப்பால் மீரீனில், கிழவர் பாரிஸ்டன் டெனேரிஸுக்கு அவள் அண்ணன் ரேகர் தெருவில் இறங்கிப் பாடிய கதையைச் சொல்கிறார். ஒரே மணி நேரத்தில் இரண்டு கண்டங்களில் இரண்டு பெண்கள் ஒரே மனிதனைப் பற்றிக் கேட்கிறார்கள். மூன்று சீசன்கள் கழித்து, அந்த மனிதனின் மகனைப் பற்றிய உண்மை இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில்தான் கத்தியாகப் புழங்குகிறது. திட்டமிட்டு அமைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நூல் அங்கே ஓடுகிறது.

ரகசியம் திரையில் உடைந்தது 2016 ஜூன் 26 அன்று, ஆறாவது சீசனின் இறுதி எபிசோடில். மிகேல் சபோச்னிக் இயக்கியது. இளம் நெட் கோபுரப் படியேறி ஓடுகிறான், லயானா இரத்தத்தில் கிடக்கிறாள், அவன் காதில் ஏதோ கிசுகிசுக்கிறாள். குழந்தையின் பெயர் நமக்குக் கேட்பதில்லை. புதிய அரசன் ராபர்ட்டுக்குத் தெரிந்தால் இவனைக் கொன்றுவிடுவான், காப்பாற்று என்று மட்டும் கேட்கிறது. குழந்தையின் முகம், உடனே ஜானின் முகம். விளக்க வசனம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வெட்டு எவ்வளவு அழகு என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த சில நிமிடங்கள். வடக்கத்திப் பிரபுக்கள் கூடிய மண்டபத்தில் லயானா மார்மான்ட் என்ற சிறுமி எழுந்து, இவன் முறைதவறிப் பிறந்தவனானாலும் எனக்குக் கவலையில்லை, இவன் உடலில் ஓடுவது நெட் ஸ்டார்க்கின் இரத்தம், இவனே என் அரசன் என்று முழங்குகிறாள். இறந்துபோன லயானாவின் பெயரைச் சுமக்கும் பெண். உண்மை நமக்குத் தெரிந்த அதே நேரத்தில் அவர்கள் அவனைப் பொய்யின் மேல் முடிசூட்டுகிறார்கள். ஆனால் அந்த முடி பொய்யும் இல்லை. நெட் வளர்த்த பிள்ளைக்குத்தான் அவர்கள் அதைத் தருகிறார்கள். பிறப்பா, வளர்ப்பா என்ற கேள்வியைத் தொடர் அங்கேயே எழுப்பி, வளர்ப்பு என்று பதிலும் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு ‘ஜான் அரியணை ஏறவில்லையே’ என்று வருந்துவதற்கு எனக்குத் தோன்றவில்லை.

ஏழாவது சீசன் இரண்டு செய்திகளைச் சேர்த்தது. ஒரு குருமாரின் நாட்குறிப்பை ஜானின் நண்பன் சாமின் துணைவி கில்லி வாசிக்கிறாள்: ரேகரின் முதல் திருமணத்தை ரத்து செய்து, டோர்னில் அவனுக்கு வேறொருத்தியோடு ரகசியமாக மணம் முடித்து வைத்ததாக. சாம் தன் எரிச்சலில் அதைக் காதில் வாங்கவே இல்லை. சீசனின் இறுதி எபிசோடில், கடந்த காலத்தைத் தரிசனமாகக் காணும் பிரானும் சாமும் தங்கள் தங்கள் பாதியை ஒட்டவைத்தபோதுதான் ஜானின் உண்மைப் பெயர் ஏகான் டார்கேரியன் என்றும், அவன் முறையான வாரிசு என்றும் தெரிகிறது. பிரானின் குரல் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் கப்பல் அறைக்குள் ஜானும் டெனேரிஸும் சேர்கிறார்கள். அவள் அவனுக்கு அத்தை.

அதே எபிசோடில் இதைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது. டிராகன்பிட் பேச்சுவார்த்தையில், வடக்கிலேயே இருந்துவிடுவேன், யார் பக்கமும் சேர மாட்டேன் என்று ஜான் ஒரு வார்த்தை சொன்னால் அரியணையில் இருக்கும் செர்சி போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொள்வாள். அவன் சொல்ல மறுக்கிறான். எப்போதாவது கொஞ்சம் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று டெனேரிஸின் ஆலோசகன் டிரியன் நொந்துகொள்கிறான். ஆளுக்கு ஆள் பொய் வாக்குக் கொடுத்தால் சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும் என்கிறான் ஜான். இந்தப் பிடிவாதத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நெட். அந்த நெட்தான் வாழ்நாள் முழுக்க மனைவியிடமும் நண்பனிடமும் உலகத்திடமும் ஒரே பொய்யைச் சொல்லி, தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றியவர். பொய்யால் உயிர் பிழைத்தவன் பொய் சொல்லத் தெரியாதவனாக வளர்ந்திருக்கிறான். எட்டாவது சீசனின் பேரழிவு முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்து பிறக்கிறது. தொடரின் உண்மையான கட்டுமானம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எட்டாவது சீசனில் ரகசியம் ஒவ்வொரு கையாக மாறும் விதத்தைப் பாருங்கள். முதல் எபிசோடில் ஜான் முதன்முறையாக டிராகன் மீது ஏறிப் பறக்கிறான். அந்த டிராகன் ரேகரின் பெயரைத் தாங்கிய ரேகல். தந்தை யாரென்று தெரியாமலேயே தந்தையின் பெயர் மீது சவாரி. பிறகு கல்லறையில் சாம் வந்து உண்மையைச் சொல்கிறான். எந்த மனநிலையில்? தன் தகப்பனையும் தம்பியையும் டெனேரிஸ் எரித்துக் கொன்றாள் என்று சற்று முன்புதான் அவளிடமிருந்தே கேட்டு உடைந்துபோன நிலையில். நீ உன் மக்களுக்காக முடியைத் துறந்தாய், அவள் துறப்பாளா என்று கேட்கிறான். ரகசியம் ஜானின் காதுக்கு வரும்போதே அதில் நஞ்சு கலந்துவிட்டது.

இரண்டாவது எபிசோடில், லயானாவின் சிலைக்கு முன்னால், ஜான் அதை டெனேரிஸிடம் சொல்கிறான். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை உன் தம்பியும் உன் உயிர் நண்பனும் மட்டும் கண்டுபிடித்தார்களா என்று அவள் கேட்பது மிகவும் நியாயமான கேள்வி. கையிலிருப்பது ஒரு பையனின் தரிசனமும் ஒரு பழைய நாட்குறிப்பும்தான். அந்தக் கோபுரச் சண்டையில் நெட்டோடு உயிர் தப்பிய ஒரே மனிதர் ஹவ்லண்ட் ரீட் கதையின் நிகழ்காலத்தில் ஒருமுறைகூட வரவில்லை. (இது எனக்கு இன்றும் தீராத குறை.) அடுத்து அவள் சொல்வதைக் கவனியுங்கள்: அது உண்மையானால் நீதான் டார்கேரியன் குலத்தின் கடைசி ஆண் வாரிசு, அரியணைக்கு உரிமை உனக்குத்தான். காதலனே உறவுக்காரன் என்ற செய்தியில் அவளைச் சுட்டது உறவு அல்ல, உரிமை.

நான்காவது எபிசோடில் அவள் அவனிடம் கெஞ்சுகிறாள்: யாரிடமும் சொல்லாதே, உன் தங்கைகளிடமும்கூட. லயானா நெட்டிடம் கேட்ட அதே வேண்டுகோள், ஏறக்குறைய அதே அவசரத்தோடு. நெட் காப்பாற்றினார். நெட்டின் பிள்ளையால் முடியவில்லை, ஏனென்றால் அவன் நெட்டின் பிள்ளை. சான்சாவிடமும் ஆர்யாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு பிரானைச் சொல்லச் செய்கிறான். சான்சா அந்தச் சத்தியத்தை மீறி டிரியனிடம் சொல்கிறாள். டிரியன் டெனேரிஸின் இன்னோர் ஆலோசகன் வேரிஸிடம் சொல்கிறான். எட்டுப் பேருக்குத் தெரிந்தால் அது ரகசியம் இல்லை, வெறும் தகவல் என்கிறான் வேரிஸ். சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, யாரும் முட்டாள்தனமாகச் செய்யவில்லை. நேர்மை, குடும்பப் பாசம், அரசியல் கணக்கு, நாட்டு நலன் என்று நான்கு நல்ல காரணங்கள் வரிசையாகச் சேர்ந்து ஒரு பெண்ணைத் தனிமைப்படுத்துகின்றன. அதே எபிசோடில் ரேகல் என்ற டிராகன் கொல்லப்படுகிறது. டெனேரிஸின் தோழி மிசாண்டேயின் தலை வெட்டப்படுகிறது.

ஐந்தாவது எபிசோடில் டெனேரிஸ் ஜானை முத்தமிட, அவன் விலகுகிறான். இங்கே எனக்கு அன்பு இல்லை, அச்சம் மட்டும்தான் இருக்கிறது, சரி, அச்சமே இருக்கட்டும் என்கிறாள். தலைநகர் கிங்ஸ் லேண்டிங் சரணடைந்து மணிகள் ஒலித்த பிறகும் அவள் ஏன் எரித்தாள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த வசனம்தான். அண்ணன் விசேரிஸ் இறந்த நாள் முதல் அவளிடம் இருந்த ஒரே சொத்து, ‘நான்தான் கடைசி டார்கேரியன், அந்த நாற்காலி என்னுடையது’ என்ற நம்பிக்கை. அடிமைச் சந்தைகளையும் பாலைவனத்தையும் அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். ஜானின் பிறப்பு அதைப் பறித்தது. அவன் உரிமை கோரவில்லை, ‘நீதான் என் ராணி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு ஆறுதல் இல்லை. கேட்காமலேயே அவனுக்குக் கிடைக்கிறது, எல்லாம் செய்தும் தனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவளை முறிக்கிறது.

இதற்கான விதைகள் கடைசி நேரத்தில் தூவப்பட்டவை அல்ல. இரண்டாவது சீசனில் கார்த் நகரத்து வாசலில் நகரங்களை எரித்துச் சாம்பலாக்குவேன் என்று சபதம் செய்கிறாள். மீரீனில் 163 குழந்தைகளுக்குப் பதிலாக 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைகிறாள். அப்போது நாம் கைதட்டினோம். கைதட்ட வைத்ததுதான் எழுத்தின் சாமர்த்தியம். 2012 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான இரண்டாவது சீசன் இறுதியில் அவளுக்கு ஒரு தரிசனம் வருகிறது: கூரை இடிந்த அரியணை மண்டபம், வெள்ளையாக ஏதோ உதிர்ந்துகொண்டிருக்கிறது, கை நீட்டுகிறாள், தொடாமலேயே திரும்பிவிடுகிறாள். அது பனி என்று ஒரு சாரார், சாம்பல் என்று ஒரு சாரார் ஏழு ஆண்டுகள் வாதாடினார்கள். 2019 மே 19 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில் அதே மண்டபம் வருகிறது. உதிர்வது அவளே எரித்த நகரத்தின் சாம்பல். இம்முறை தொடுகிறாள், அமரவில்லை. ஜானின் கத்தி முந்திக்கொள்கிறது.

முடிவு சரி என்றால் ஏன் இத்தனை பேர் கொதித்தார்கள்? எட்டாவது சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அவர்களை அவசரக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் ஆறு சீசன்களில் தலா பத்து எபிசோடுகள். ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஆறு. நெடுநாள் காவலன் ஜோரா, மிசாண்டே, ரேகல், ஜானின் காதல், வேரிஸின் விசுவாசம், டிரியன் மீதான நம்பிக்கை ஆகிய அனைத்தையும் டெனேரிஸ் மூன்றே எபிசோடுகளுக்குள் இழக்கிறாள். நெட் ஸ்டார்க்கின் வீழ்ச்சிக்கு ஒரு சீசன் முழுவதையும் கொடுத்த தொடர் இது. காரணங்கள் எல்லாம் திரையில் இருக்கின்றன. அவை ஒருத்தியின் உள்ளே இறங்கி வேலை செய்ய வேண்டிய காலம் இல்லை. தன்னிடமே அவள் பொய் சொல்லிக்கொள்ளும் ஒரு காட்சி, மனம் மாறித் திரும்பிவர முயன்று தோற்கும் ஒரு காட்சி தேவைப்பட்டது. ஐந்தாவது எபிசோடில் அவள் மணியோசை கேட்கும் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, நகரம் எரியத் தொடங்கியதும் கேமரா தெருவுக்கு இறங்கிவிடுகிறது. அதன் பிறகு அவள் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. கீழே மக்களின் பக்கம் நிற்க எடுத்த முடிவு அறத்தின்படி சரி. ஆனால் அவளை நாம் இழந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொரு பிழையை என்னால் மன்னிக்க முடியவில்லை: டிராகன்பிட்டில் கூடும் கடைசிச் சபை. வேரிஸ் ஜானின் பிறப்பைக் கடிதங்களாக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். அவை யாருக்காவது போய்ச் சேர்ந்தனவா என்பது சொல்லப்படவில்லை. சபையில் சான்சா, ஆர்யா, பிரான், சாம், டிரியன் ஆகிய ஐந்து பேருக்கும் உண்மை தெரியும். யார் அரசன் என்பதே கேள்வி. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவன் ராணியைக் கொன்றவன், அவள் படைத்தளபதி கிரே வர்ம் கொதித்துப் போயிருக்கிறான், ஆகவே அவனை முன்மொழிய முடியாது என்பது புரிகிறது. முன்மொழிந்து மறுக்கப்பட்டிருந்தால் போதுமே! அந்தச் சபையில் டோர்னின் புதிய இளவரசர் உட்கார்ந்திருக்கிறார். ரேகர் விலக்கிவைத்த எலியா அவர் குலத்துப் பெண். ரேகர் இன்னொருத்தியை மணந்தான் என்ற செய்தி அவருக்கு முதல் முறையாக அங்கே கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? லயானா கடத்தப்பட்டாள் என்று நம்பி எழுந்த ராபர்ட்டின் புரட்சியே பொய்யின் மேல் நின்றது என்று தெரிந்த பிரபுக்கள் என்ன செய்திருப்பார்கள்? ஏழாவது சீசனில் பிரான் வாயாலேயே இதைச் சொல்ல வைத்துவிட்டு, அது உண்மையிலேயே கனக்க வேண்டிய ஒரே சபையில் அதைத் தொடாமல் விட்டது பெரிய இழப்பு. ரகசியம் வீணானது என்று ரசிகர்கள் உணர்வதற்கு இந்த மௌனமே முழுக் காரணம் என்பேன். அதே சபையில் வடக்கு தனிநாடாகிறது. டெனேரிஸிடம் விடுதலை கேட்டுவந்த இரும்புத் தீவுகளின் யாரா தன் தீவுகளின் விடுதலை பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறாள்.

ஆறாவது எபிசோடில் ரகசியம் கடைசியாக ஒருமுறை வேலை செய்கிறது. சிறையில் டிரியன் ஜானிடம், அரியணையின் உண்மையான வாரிசைவிட அவளுக்கு ஆபத்தானவர் யார் என்று கேட்கிறான். பிறகு உன் தங்கைகள் அவள் முன் மண்டியிடுவார்களா என்கிறான். முதல் கேள்விக்கு ஜான் அசையவில்லை. இரண்டாவதுதான் அவனை எழுப்புகிறது. டார்கேரியன் என்பதால் அல்ல, ஸ்டார்க் என்பதால் அவன் கத்தியை எடுக்கிறான். ஆறாவது சீசனில் அந்தச் சிறுமி சொன்னது மெய்யாகிறது.

பிரானைப் பற்றி. அவன் அரசனாவது மார்ட்டினிடமிருந்தே வந்தது என்று தயாரிப்பாளர்கள் தன்னிடம் சொன்னதாக அந்தப் பாத்திரத்தில் நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டெட் ரைட் கூறியிருக்கிறார். பிரானைச் சுமந்து திரிந்த ஹோடோரின் பெயருக்குப் பின்னால் இருந்த கொடுமையும் அப்படியே. நாவலில் முன்னுரைக்கு அடுத்த முதல் அத்தியாயமே பிரானின் கண் வழியாகத்தான் விரிகிறது. ஆகவே முடிவு பழையது. தொலைக்காட்சி அதற்குத் தகுந்த உரத்தைப் போடவில்லை. ஐந்தாவது சீசன் முழுவதும் பிரான் திரையிலேயே இல்லை. ஏழாவதில், நான் எதற்கும் பிரபுவாக இருக்க முடியாது என்று சான்சாவிடம் மறுக்கிறான். கடைசியில், இவ்வளவு தூரம் எதற்காக வந்தேன் என்று நினைக்கிறீர்கள் என்கிறான். அந்த ஒரு வரி, நகரம் எரியும் என்று தெரிந்தே இருந்தானா என்ற பயங்கரமான சந்தேகத்தைக் கிளப்புகிறது. தொடர் அதைக் கிளப்புகிறோம் என்பதையே உணரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆழமாக யோசித்து வைத்த புதிராக அதை வாசிக்கும் ரசிகர்களோடு நான் உடன்படவில்லை.

ஆர்யா விஷயம் வேறு வகை. மூன்றாவது சீசனில், 2013இல், எதிர்காலம் சொல்லும் பூசாரி மெலிசாண்ட்ரே அவளிடம், நீ மூடப்போகும் கண்கள் பழுப்புக் கண்கள், நீலக் கண்கள், பச்சைக் கண்கள் என்று சொல்கிறாள். எட்டாவது சீசனில் அதை நினைவூட்டும்போது வரிசை மாறி, நைட் கிங்கின் கண் நிறமான நீலம் கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. நைட் கிங்கை முடிப்பது ஆர்யா என்று சுமார் மூன்று ஆண்டுகளாகத் தெரியும் என்று எபிசோடுக்குப் பின் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அந்த முடிவு ஏறத்தாழ 2016ஐச் சேர்ந்தது. 2013இல் சொன்ன வசனம் அதற்காக எழுதப்பட்டிருக்க முடியாது. பழைய வரியைத் தேடியெடுத்துப் புதிய பொருத்தம் செய்திருக்கிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நீண்ட தொடர்களில் இது நடக்கும். ஆனால் அரியணை மண்டபச் சாம்பலையும் இந்த நீலக் கண்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

டெனேரிஸின் டிராகன் டிரோகன் ஏன் ஜானை எரிக்காமல் அரியணையை உருக்கியது என்பதற்கு, அதிகாரத்தின் சாபத்தை அது புரிந்துகொண்டது என்று ஒரு விளக்கம் பரவலாக இருக்கிறது. பின்னர் வெளியான திரைக்கதையில் அரியணை அதன் இலக்கே இல்லை, தீயின் வழியில் அகப்பட்ட பொருள் மட்டுமே என்று இருக்கிறது. ஜானிடம் டார்கேரியன் இரத்தம் இருப்பதால் தீ சுடாது என்பதும் தவறு. முதல் சீசனிலேயே அவன் கை வெந்திருக்கிறது, விசேரிஸ் உருக்கிய தங்கத்தில் இறந்தான்.

நாவல்களில் இந்த ரகசியம் வேறு மாதிரி வெடிக்கும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. 2011இல் வந்த ஐந்தாவது நாவலில், ரேகருக்கும் எலியாவுக்கும் பிறந்த ஏகான் நானே, கொலையிலிருந்து தப்பிவிட்டேன் என்று உரிமை கோரும் ஓர் இளைஞன், அரியணை இருக்கும் வெஸ்டரோஸ் கண்டத்தில் படையோடு இறங்குகிறான். அவன் மெய்யா போலியா என்பது அங்கே தீரவில்லை. தொலைக்காட்சி அவனை முழுவதுமாக நீக்கிவிட்டு அந்தப் பெயரை ஜானுக்குக் கொடுத்தது. நாவலில் டெனேரிஸ் கடல் கடந்து வரும்போது அவளுக்கு முன்பே ஒரு டார்கேரியன் உரிமையோடு நிற்பான். ஜானின் பிறப்பு அதற்கு மேல் விழும் இரண்டாவது அடியாக இருக்கலாம். தொலைக்காட்சியில் மூன்று எபிசோடுகளுக்குள் நெருக்கப்பட்ட சரிவுக்கு அங்கே ஆயிரம் பக்கம் கிடைக்கும். ஆறாவது நாவல் இன்னும் வெளிவரவில்லை.

மறுபடி பார்க்க விரும்பினால் முழுத் தொடரும் வேண்டாம். முதல் சீசனில் இரண்டாவது எபிசோட், இரண்டாவதில் பத்தாவது, ஐந்தாவதில் நான்காவது, ஆறாவதில் மூன்றாவதும் பத்தாவதும், ஏழாவதில் ஐந்தாவதும் ஏழாவதும், பிறகு எட்டாவது சீசனை மூன்றாவது எபிசோடை விட்டுவிட்டு வரிசையாகப் பாருங்கள். ஜானைப் பார்க்காமல், அவன் பேசும்போதெல்லாம் டெனேரிஸின் முகத்தைப் பாருங்கள்.